டோக்கியோவில் எட்டு மணி, புதுக்கடையில் நாலரை

உடையைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள்தான் முதல் ரசிகர்கள் ஆனார்கள். 2014-ல் 'த்ரில்' என்ற பாட்டின் காணொளி ஜப்பானுக்கு வெளியே கைமாறத் தொடங்கியது. திரையில் ஐந்து இளம்பெண்கள். டோக்கியோவின் 'மெய்ட் கஃபே'க்களில் காப்பி பரிமாறும் பெண்கள் போடுகிற கறுப்பு கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் லேஸ். இந்த உடைக்கு இன்ன பாட்டுதான் வரும் என்று பார்க்கிறவர் மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடும்: கீச்சுக்குரல், ஒரே மாதிரி கையசைப்பு, லேசான ஒரு மெட்டு. வந்ததோ அறைந்து விழும் கிட்டார். அதன்மேல் இடைவெளியில்லாத டிரம்ஸ். இரண்டுக்கும் அடியில், காதுக்கு முன்னால் வயிற்றுக்கு எட்டுகிற பேஸ் கிட்டார். பாடுகிற பெண் காமிராவைப் பார்க்கும் பார்வையில் கெஞ்சல் துளியும் இல்லை.

பேண்ட்-மெய்ட் என்ற அந்தக் குழு 2013-ல் டோக்கியோவில் உருவானது. யோசனை மிக்கு கோபாடோவுடையது. அவர் உண்மையிலேயே மெய்ட் கஃபேயில் வேலை பார்த்தவர். அந்த உடையையும் அதற்கு நேர்மாறான இசையையும் ஒரே மேடையில் நிறுத்தினால் என்ன என்று நினைத்தார். கிட்டாரில் கனாமி, பேஸில் மிசா, டிரம்ஸில் அகானே, கடைசியாகச் சேர்ந்த சாய்கி முதன்மைப் பாடகி. கோபாடோ இந்தக் குழு தொடங்கிய பிறகே கிட்டார் படித்தார் என்பது ரசிகர்கள் பெருமையாகச் சொல்கிற விஷயம். சிறு வயதில் அவர் பாடி வளர்ந்தது 'என்கா' என்ற பழைய பாணி ஜப்பானியப் பாட்டு. நம்மூரில் எம்.கே.டி. பாகவதர் பாட்டில் ஊறிய ஒரு பெண் ஹெவி ராக் குழு தொடங்குகிற தூரம் அது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒரு உடை எத்தனை நாள் பிடித்து வைக்கும்? 2014-ல் சிரித்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதலில் வெளியார் எழுதிக் கொடுத்த பாட்டுகளைப் பாடிய குழு, சில ஆண்டுகளுக்குள் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதத் தொடங்கியது. பெரும்பாலும் மெட்டுக்குக் கனாமி, வரிகளுக்குக் கோபாடோ. 2018-ல் வந்த 'வேர்ல்ட் டாமினேஷன்' ஆல்பத்தைக் கேட்டால் அந்த வளர்ச்சி தெரியும். 2019-ல் வந்த 'கான்கரர்' ஆல்பத்தில் ஒரு பாட்டை, டேவிட் போவியின் தயாரிப்பாளராக உலகம் அறிந்த டோனி விஸ்கான்டி தயாரித்தார். 2023-ல் சிகாகோவின் லோலாபலூசா விழா மேடை ஏறினார்கள். ஏப்ரன் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

கைகளைப் பார்ப்பவர்கள்

ஜப்பானியப் பெண்கள் ராக், மெட்டல் குழுக்களுக்கு உலகம் முழுக்கச் சேர்ந்திருக்கிற ரசிகர் கூட்டத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். முதல் தடவை பாட்டுக்காக. அடுத்த தடவை பேஸ் வாசிக்கிறவரின் வலது கையை மட்டும். பிறகு டிரம்ஸின் அடியில் இருக்கும் இரண்டு பெடல்களை. டிரம்ஸ் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார்கள் முதல்முறையாக அகானேயைக் கேட்டுவிட்டு, காணொளியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த அடியை விளக்கும் பதிவுகள் ஏராளம். கிட்டார் படிக்கிறவர்கள் கனாமியின் தனி ஆவர்த்தனத்தை நரம்பு நரம்பாக எழுதி வைக்கிறார்கள். ஜப்பானிய மொழி தெரிந்த ரசிகர்கள் சம்பளம் வாங்காமல் பாட்டு வரிகளை மொழிபெயர்த்துப் போடுகிறார்கள்.

இது கச்சேரி கேட்கிறவர்களின் பழக்கம். சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, மிருதங்கக்காரர் கோர்வையை எங்கே இறக்கப் போகிறார் என்று காத்திருக்கிறாரே ஒருவர், அவருக்கும் இவர்களுக்கும் வயதிலும் உடையிலும்தான் வித்தியாசம். பேண்ட்-மெய்டின் பாட்டுகளில் பேஸும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தும் இடங்கள் உண்டு. திடீரென்று தாளம் பாதியாகி, அடுத்த வரியில் பழைய வேகத்துக்குத் தாவும். லவ்பைட்ஸ் என்ற இன்னொரு குழுவின் பாட்டுகளில், அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் பழைய ரசிகர்களுக்குப் பழக்கமான குதிரைப் பாய்ச்சல் உண்டு. கொன்னக்கோலில் சொன்னால் 'தா-தக தா-தக' என்று நிற்காமல் ஓடும். அதன்மேல் இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மூன்றாம் ஸ்வர இடைவெளியில் சேர்த்து வாசிக்கும். மொழி தெரியாதவருக்கும் இதில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறது.

மொழி தெரியாமல் கேட்பதைப் பற்றி என் ஊரான புதுக்கடையிலிருந்து எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. புதுக்கடை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் வெளியூர்க்காரருக்கு இது தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் வரும் ஒரு கடைத்தெரு. தமிழ்நாட்டு வரலாற்றில் இது வேறு. தமிழர் வாழும் தென் திருவிதாங்கூர் தாலுகாக்களைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இங்கே மனிதர்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது அந்த ரத்தத்தின் பலனாகத்தான். மொழிக்காக உயிர் கொடுத்த ஊரில், ஒரு சொல்கூடப் புரியாத பாட்டை இளைய பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு போவதை முரண் என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மொழி தன் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி உள்ளவர்கள்தான் அடுத்தவர் மொழியைப் பயமில்லாமல் ரசிக்க முடியும்.

இதன் மறுபக்கத்தை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள். 1998-ல் ரஜினிகாந்தின் 'முத்து' டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு சிறிய திரையரங்கில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற அதன் இடத்தை 2022-ல் 'ஆர்ஆர்ஆர்' வந்துதான் எடுத்துக்கொண்டது. ஒசாகாவிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் விமானம் ஏறி வந்து, சென்னையில் முதல் நாள் முதல் காட்சி பார்த்த ஜப்பானிய ரசிகர்களைப் பத்திரிகைகளில் பார்த்து நாம் மகிழ்ந்தோம். அவர்கள் நம்மிடம் கண்டதை நம் பிள்ளைகள் அவர்களிடம் காண்கிறார்கள். போன கடனுக்கு வந்த வட்டி.

டோக்கியோவின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே இரவு எட்டு மணிக்கு வெளியாகும் புதுப்பாட்டு இங்கே மாலை நாலரைக்கு, கல்லூரிப் பேருந்துகள் திரும்பும் நேரத்துக்கு வந்து சேரும். கொரோனா காலத்தில் இந்தத் தூரம் இன்னும் சுருங்கியது. 2021 பிப்ரவரியில் புடோகான் அரங்கில் பேண்ட்-மெய்ட் முதல்முறையாக வாசிக்கவிருந்தது. ஜப்பானியக் குழு ஒவ்வொன்றும் கனவு காணும் மேடை அது. நோய்த்தொற்று அதை ரத்து செய்தது. அதே நாளில் குழு இணையம் வழியே வாசித்தது. டோக்கியோவில் அரங்கத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கிறவருக்கும் குமரி மாவட்டத்தில் இருக்கிறவருக்கும் அன்றைக்கு ஒரே இருக்கைதான்.

தாய்வழி

இந்தக் குழுக்கள் திடீரென்று முளைத்தவை என்று நினைப்பது தவறு. 1981-ல் டோக்கியோவில் ஷோ-யா என்ற குழு தொடங்கியது. முன்னால் நின்றவர் தெராதா கெய்கோ; தொண்டையைத் திறந்து பாடுகிற பாடகி. 1989-ல் அவர்கள் வெளியிட்ட 'கென்காய் லவர்ஸ்' ஜப்பானில் இன்றைக்கும் எல்லாருக்கும் தெரிந்த ஹார்ட் ராக் பாட்டு. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை ஷோ-யா செய்தது. 1987-ல் டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் பெண் கலைஞர்கள் மட்டுமே வாசிக்கும் 'நாவோன் நோ யாவோன்' விழாவைத் தொடங்கியது. தெராதா விலகியது, குழு சிதறியது, மறுபடி கூடியது என்று பல நடந்த பிறகு, 2008-ல் அந்த விழாவுக்கு மீண்டும் உயிர் வந்தது. பின்னால் வந்த இளம் குழுக்கள் பல, அந்த மூத்த பெண்கள் பக்கத்தில் அதே மேடையில் நின்று வாசித்தவை.

அதே காலத்துப் பிரின்சஸ் பிரின்சஸ் மெட்டல் குழு இல்லை, ஆனால் கதவை உடைத்தது அவர்கள்தான். 1989-ல் அவர்களுடைய 'டயமண்ட்ஸ்' ஜப்பானில் அந்த ஆண்டின் அதிக விற்பனையான தனிப்பாட்டு. பெண்கள் மட்டுமே உள்ள குழு புடோகானில் வாசித்தது அந்த ஆண்டுதான் முதல்முறை. 1996-ல் கலைந்தார்கள். 2011-ன் நிலநடுக்கமும் சுனாமியும் தோஹோகு பகுதியைச் சூறையாடியபின், நிவாரணத்துக்காக 2012-ல் மறுபடி ஒன்றுகூடி வாசித்தார்கள். அந்தப் பணத்தின் ஒரு பங்கு செண்டாய் நகரில் ஓர் இசை அரங்கமாக நிற்கிறது. 2004-ன் சுனாமியைக் கொளச்சலிலும் மேல மணக்குடியிலும் கண்ட மாவட்டத்துக்காரனாக, இந்தச் செய்தியை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. வீடும் படகும் திரும்பக் கட்டுகிறபோது பாட்டுக்கும் ஒரு கூரை வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒசாகாவின் ஷோனென் நைஃப் வேறு ரகம். யமானோ சகோதரிகள் இருவரும் தோழி ஒருவரும் 1981-ல் தொடங்கிய எளிமையான பங்க் குழு. சாப்பாட்டையும் விலங்குகளையும் பற்றிப் பாடுவார்கள். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அவர்களுக்கு வெறிபிடித்த ரசிகர். 1991-ல் பிரிட்டனில் தன் குழுவோடு வாசிக்க அவர்களை அழைத்துக்கொண்டார். நெவர்மைண்ட் ஆல்பம் வெளியாகி உலகம் நிர்வாணாவின் காலடியில் விழுந்த அதே வருடம், அந்த நாயகன் யாருடைய ரசிகனாக இருந்தான் என்பதை இளைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

மணி அடித்த பிறகு

ஏன் ஜப்பானில் மட்டும் இத்தனை? அங்கே ஏதோ தனிப் பிறவிகள் பிறக்கிறார்களா? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் கடைசி மணி அடித்தபின் மாணவர்கள் பலர் வீட்டுக்கு ஓடுவதில்லை. ஏதாவது ஒரு மன்றத்தில் இருப்பார்கள். பேஸ்பால், ஓவியம், தேநீர்க் கலை, பித்தளை வாத்தியங்கள். அந்த வரிசையில் 'கெயோன்-பு' என்ற மெல்லிசை மன்றமும் உண்டு. பெயர்தான் மெல்லிசை. உள்ளே இருப்பது டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர், கிட்டார். நாலு பேர் சேர்ந்து தமக்குப் பிடித்த குழுவின் பாட்டை நகலெடுத்து வாசிப்பார்கள்; பள்ளி விழாவில் மேடை ஏறுவார்கள். அங்கே ஒரு பெண் டிரம்ஸ் முன் உட்கார்ந்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. 2009-ல் கியோட்டோ அனிமேஷன் தயாரித்த 'கே-ஆன்!' என்ற அனிமே, அப்படி ஒரு மன்றத்தில் சேரும் பெண்களின் கதை. அதைப் பார்த்துவிட்டுக் கிட்டார் வாங்கியவர்கள் கணக்கில்லை. 2022-ல் வந்த 'போச்சி தி ராக்!' அடுத்த தலைமுறைக்கு அதே வேலையைச் செய்தது. நம் பிள்ளைகள் பலரும் இந்தக் குழுக்களிடம் வந்து சேர்ந்த வழியும் அனிமேதான். ஒரு தொடரின் தொடக்கப் பாட்டு காதில் நின்றுவிடும். பாடியது யார் என்று தேடிப் போவார்கள். இப்போது தமிழ்க் குரலிலேயே அனிமே வருவதால் அந்த வாசல் இன்னும் அகலம்.

ஹனபியே குழு இந்த மன்றத்தின் நேர்ப் பிள்ளை. பள்ளி மன்றத்தில் கூடிய தோழிகள் 2015-ல் தொடங்கினார்கள். மேக்சிமம் தி ஹார்மோன் என்ற குழுவின் பாட்டுகளை வாசித்து வளர்ந்தவர்கள். 2023-ல் வெளியான அவர்களுடைய ஒரு பாட்டு, அலுவலகம் முடிந்து 'உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னியுங்கள்' என்று தலை குனிந்து சொல்லும் ஜப்பானிய மரியாதையை எடுத்துக்கொண்டு, அதை அடித்தொண்டை உறுமலாக மாற்றியது. உலகத்து இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். பாடகி யுகினா ஒரு மூச்சில் கொஞ்சலிலிருந்து உறுமலுக்குப் போவார். கியோட்டோவின் ஒட்டோபோகே பீவர், ரித்சுமெய்கான் பல்கலைக்கழகத்து இசை மன்றத்தில் 2009-ல் பிறந்தது. நிமிடத்துக்கும் குறைவான பாட்டுகள்கூட அவர்களிடம் உண்டு. அதற்குள் தாளம் பலமுறை முறிந்து திரும்பும்.

மேக்சிமம் தி ஹார்மோன் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஆண்களும் உண்டு. டிரம்ஸ் வாசிப்பது நாவோ என்ற பெண். பேண்ட்-மெய்டின் அகானே டிரம்ஸை எடுத்தது நாவோவைப் பார்த்துத்தான். ஹனபியே பெண்கள் நகலெடுத்ததும் நாவோவின் குழுவை. ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து வாசித்ததைப் பார்த்த வேறு வேறு பெண்கள், வேறு வேறு ஊர்களில் குச்சியைக் கையில் எடுத்தார்கள். பார்க்கக் கிடைக்காத ஒன்றுக்கு ஆசைப்படுவது சிறுபிள்ளைக்கு மிகக் கடினம்.

டெஸ்ட்ரோஸ் விட்டுப்போனது

மெட்டல் ரசிகர்கள் பெருமூச்சோடு சொல்லும் பெயர் டெஸ்ட்ரோஸ். ஆள் மாறிக்கொண்டே இருந்த குழு; 2015-ல் கலைந்தது. ஆனால் அதில் வாசித்துப் போனவர்கள் தொடங்கியும் சேர்ந்தும் வளர்த்த குழுக்களின் பட்டியலில் மேரிஸ் ப்ளட், ஃபேட் கியர், லவ்பைட்ஸ் மூன்றும் உண்டு.

அவற்றில் என் மனம் நிற்பது லவ்பைட்ஸிடம். டெஸ்ட்ரோஸில் இருந்த பேஸ் கலைஞர் மிஹோவும் டிரம்மர் ஹருனாவும் 2016-ல் தொடங்கினார்கள். பாடகி அசாமி அதற்கு முன் மெட்டல் பாடியதில்லை; சோல் பாணிப் பாட்டிலிருந்து வந்தவர். மியாகோ பியானோவில் முறையாகப் பயின்றவர். மேடையில் கிட்டாரும் கீபோர்டும் அவர் கையில் மாறி மாறி வரும். மிடோரியின் கிட்டார் இன்னொரு பக்கம். 2018-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். வாக்கன் சுமார் 2,000 பேர் வாழும் கிராமம். நம் புதுக்கடை பேரூராட்சியைவிடச் சிறியது. ஆண்டுக்கொரு முறை 75,000-க்கும் மேற்பட்ட மெட்டல் ரசிகர்கள் அதன் வயல்களில் கூடாரம் அடிக்கிறார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் மெட்டல் ஹாமர் பத்திரிகை, சிறந்த புதிய குழு என்ற விருதை லவ்பைட்ஸுக்குக் கொடுத்தது.

2021-ல் மிஹோ விலகினார். தொடங்கியவரே போய்விட்டால் குழு என்ன ஆகும்? மற்ற நால்வரும் அவசரப்படவில்லை. திறந்த தேர்வு வைத்துப் பொறுமையாகத் தேடினார்கள். 2023-ல் ஃபாமி வந்தார். வீட்டு அறையில் உட்கார்ந்து பேஸ் வாசித்து இணையத்தில் பதிவேற்றி வந்த இளம்பெண். ரசிகராகப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அது சொந்த வீட்டுச் செய்தி. அவர் வந்தபின் அந்தக் குழுவின் அடித்தளமே வேகம் பிடித்தது. பேஸில் விரலால் தட்டியும் இழுத்தும் வாசிக்கும் நுட்பங்களை மெட்டலுக்குள் அவர் கொண்டுவந்த விதத்தைக் கேட்டால், மிஹோவின் அழுத்தமான பழைய பாணியை விரும்பியவர்களும் தலையசைப்பார்கள்.

கூடிப் பேசும்போது ரசிகர்கள் சண்டை பிடிக்கிற விஷயம் ஒன்றுண்டு: பேபிமெட்டல் இந்தக் கணக்கில் சேருமா? 2010-ல் தொடங்கிய அந்தக் குழுவில் பாடி ஆடும் பெண்கள் மூவர். வாத்தியம் வாசிப்பது பின்னால் நிற்கும் ஆண்கள். யோசனை கோபாமெட்டல் என்ற தயாரிப்பாளருடையது. வாத்தியத்தைத் தானே கையில் எடுத்த பெண்களையே ரசிக்கிறோம் என்பவர்கள் இதைச் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. நானும் பாதி அந்தப் பக்கம். ஆனால் 2016 செப்டம்பரில் டோக்கியோ டோமில் இரண்டு நாளில் 1,10,000 பேரைக் கூட்டிய குழு அது. பாடகி சு-மெட்டலின் குரல் அந்தக் கூட்டத்தின் மேல் தனியாக எழும்பும்போது வாதம் ஓய்ந்துவிடும். உலகத்தில் பலர் ஜப்பானியப் பெண்கள் மெட்டல் பக்கம் திரும்பியதே அந்த வாசல் வழியாகத்தான். இந்தியாவுக்கு அவர்கள் நெருங்கி வந்ததும் உண்டு. 2019-ல் 'சாந்தி சாந்தி சாந்தி' என்றொரு பாட்டு செய்தார்கள். 2025-ல் டில்லியின் மெட்டல் குழுவான ப்ளடிவுட்டின் 'நு டெல்லி' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்தார்கள். பதிலுக்கு அந்த ஆண்டு தங்கள் 'மெட்டல் ஃபோர்த்' ஆல்பத்தில் ப்ளடிவுட்டை அழைத்துக்கொண்டார்கள். 'டோல்' மேளத்தின் அடியும் இந்தி வரிகளும் ஜப்பானியக் குரலும் ஒரே பாட்டில். 2022-ல் ஃபுஜி ராக் விழாவில் ப்ளடிவுட் வாசித்தபோது ஜப்பானியக் கூட்டம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நட்பு ஆச்சரியமாக இருந்திருக்காது.

இந்த ரசிப்பின் இருண்ட பக்கத்தையும் எழுத வேண்டும். வாசிப்பைப் பற்றிய பேச்சுக்கு நடுவே உடம்பைப் பற்றிய பேச்சு வந்து விழுகிறது. திருமணம், வயது, எடை என்று கலைஞர்களின் சொந்த வாழ்க்கைக்குள் மூக்கை நுழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'பெண்கள் என்றாலும் நன்றாக வாசிக்கிறார்கள்' என்ற பாராட்டு இன்னும் ஒழியவில்லை. அந்த 'என்றாலும்' அவமானம். நல்ல ரசிகர் கூட்டங்கள் இப்படிப் பேசுகிறவர்களை அங்கேயே நிறுத்துகின்றன. அப்படி நிறுத்தாத கூட்டங்களைவிட்டு நான் விலகிவிட்டேன்.

நம்மூர் மேடையில்

என் அக்காள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சபைப் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பவள். எனக்கு லவ்பைட்ஸை முதலில் கேட்கக் கொடுத்தவள் அவள்தான். "மாமா, பாட்டு மட்டும் கேட்டா போராது. கையப் பாருங்க. அங்கயாக்கும் விஷயம்" என்றாள். நான் பார்த்தேன். அன்றைக்குப் பிறகு நம்மூர் மேடைகளையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

குமரி மாவட்டத்தில் இசைக்குப் பஞ்சமில்லை. கோயில் கொடையானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் கானமேளா உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஒவ்வொரு சபையிலும் பாடகர் குழு வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கும். நாலு குரலில் பிரித்துப் பாடும் மரபு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. சோப்ரானோவும் ஆல்ட்டோவும் பாடும் பெண் பிள்ளைகளுக்குச் சுரம் பிசகாது. ஆனால் கிட்டாரும் பேஸும் ரிதம் பேடும் பெரும்பாலும் பையன்கள் கையில். யாரும் தடுத்ததாகச் சொல்ல மாட்டார்கள். கொடுத்துப் பார்க்கவும் இல்லை. கீபோர்ட் வரைக்கும் பெண் வரலாம் என்று ஒரு கோடு, யாரும் போடாமலே கிடக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டிய பெண்கள் நம்மிடமும் இருந்தார்கள் என்பதால்தான் வருத்தம் கூடுகிறது. இதே மாவட்டத்தில் வில்லுக்கு முன் உட்கார்ந்து வீசுகோலை எடுத்து விடிய விடியக் கதை பாடிய வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி 2018-ல் மறைந்தார். ஆண்களின் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட நாகஸ்வரத்தை மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி கையில் எடுத்தார். மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால், பெண்ணின் கை கடத்தைத் தாங்குமா என்ற சந்தேகத்தைத் தட்டியே தீர்த்தார். பெண் கடம் வாசிக்கும் மேடையில் உடன் வாசிக்க மறுத்த மிருதங்கக் கலைஞர்களையும் அவர் பார்த்தவர். 1990-களில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் 'ஸ்த்ரீ தாள் தரங்' குழுவை அவர் உருவாக்கினார். தமிழ்ப் பெண்ணொருத்தி தாள வாத்தியப் பெண்களைத் திரட்டி மேடை ஏற்றிய அந்தக் கதையை, ஷோ-யாவின் ஹிபியா விழாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் படிக்கிறேன்.

ராக் என்று வந்தால் இந்திய அனுபவத்தில் ஆறாத காயம் ஒன்று உண்டு. 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் குழுக்களுக்கிடையே நடந்த இசைப் போட்டியில், பள்ளி மாணவிகள் மூவர் 'பிரகாஷ்' என்ற பெயரில் மேடை ஏறினார்கள். பாட்டும் கிட்டாரும், பேஸ், டிரம்ஸ். பரிசும் வாங்கினார்கள். பின்னாலேயே இணையத்தில் வசைகளும் மிரட்டல்களும் வந்தன. 2013 பிப்ரவரியில் காஷ்மீரின் தலைமை முஃப்தி அவர்கள் பாடுவதற்கு எதிராக ஃபத்வா சொன்னார். மாநில முதல்வரே ஆதரவாகப் பேசியும் பயன் இல்லை. குழு கலைந்தது. அந்த மூவருக்கும் பத்தாம் வகுப்பு வயது. ஹனபியே பெண்கள் மன்ற அறையில் முதல் பாட்டை நகலெடுத்துக்கொண்டிருந்த வயதும் ஏறக்குறைய அதுதான். ஸ்ரீநகரில் திறமை குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

குமரியில் ஃபத்வா இல்லை. இங்கே இருப்பது அதைவிட மெல்லிய ஒன்று: நேரமும் இடமும். மாலையில் பையன் டிரம்ஸ் வகுப்புக்கு மார்த்தாண்டம் போகிறான். பெண் டியூஷனுக்குப் போகிறாள். பையன் மொட்டைமாடியில் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார். கேட்டால் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும், எல்லாம் நியாயமான காரணம். ஜப்பானியப் பள்ளி தன் மாணவிகளுக்குக் கொடுப்பது பூட்டில்லாத ஓர் அறையும், எவரும் கேள்வி கேட்காத இரண்டு மணி நேரமும். அகானேயும் ஹருனாவும் அடித்த முதல் ஆயிரம் தப்பான அடிகளை யாரும் கேட்டுச் சலித்துக்கொள்ளாத இடங்கள் அங்கே இருந்தன. இங்கே பல பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை உண்டு, சபைக்குச் சபை இசைக்கருவிகள் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்தால் அடுத்த ஞாயிறுவரை அந்த டிரம்ஸின்மேல் துணி மூடிக் கிடக்கிறது. அதைச் செவ்வாய், வியாழன் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லிச் சபைப் பொறுப்பாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். செலவு கரண்ட் பில்தான்.

என் அக்காள் மகள் கேட்டுவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அவளும் மூன்று தோழிகளும் சனிக்கிழமை மதியங்களில் உட்காருகிறார்கள். ஒருத்தி கிட்டார், ஒருத்தி பாட்டு, இன்னொருத்தி டிரம்ஸில் இப்போதுதான் காலையும் கையையும் பிரிக்கப் பழகுகிறாள். பேண்ட்-மெய்டின் ஒரு பாட்டைப் பாதி வேகத்தில் எடுத்திருக்கிறார்கள். பேஸ் இல்லாததால் நடுவில் பாட்டு தொங்குகிறது. கீபோர்டின் இடது கையால் இவள் அந்த இடத்தைச் சமாளிக்கிறாள். பாடகர் குழுவிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஆம்பிளப் பிள்ளிய நெறைய உண்டு மாமா. எங்களுக்கு வேண்டியது ஒரு பொண்ணாக்கும். பைங்குளத்துல ஒருத்தி பழைய பேஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்காளாம். அவ அப்பாவ ஒண்ணு பேசித் தருவியளா?"